ஆயி மண்டபத்துக்கு வழி

– விழுப்புரத்துல எறங்கனதும் முன்னால நிக்கிற வண்டில ஏறிடாத ராஜாம்பா. அது கடலூரு போறதா இருக்கும். பாண்டியான்னு கண்டக்டரக் கேட்டுட்டு ஏறு.

– நான் எதுக்கு மாமா கேக்கணும்? நீதான் கூட வருவியே.

– நான் வர்ல. அதத்தான நேத்துலேந்து சொல்லிக்கினு இருக்கன். ஞாயித்துக்கெழம மணலூர்பேட்டைல நம்ம சாதி சங்கத்துக் கூட்டம். வூட்டுக்கு ஒரு ஆம்பள நிக்கணும். வியாழக்கெழமலேந்து ஒரு வாரம் ரோடு மறியலு. எந்த ஊரு ஆளுங்க எந்த எடத்துல குந்தறதுன்னு அங்கதான் பிரிச்சு வுடப் போறாங்க.

– இந்த வூட்டுல இருக்கறதே ஒரு ஆம்பள. அவனும் கூட்டத்துக்குப் போய்ட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஞாயித்துக்கெழம வரச் சொல்லிக் கூப்புடற பொண்ண யாரு போய்ப் பாக்கறது?

– நீ போய்ப் பாரு. உன்னத்தான கூப்ட்டுக்கீறா.

– எனக்குத் திருக்கோவிலூரத் தாண்டுனா எது கெழக்கு எது மேக்குன்னு தெரியாது. புதங்கெழம அவங்க கெளம்பறாங்க மாமா. கொடகுல காபித் தோட்டத்துல வேல, அங்கயே இருந்துடப் போறோம்னு எழுதிக்கீறா. நீதான படிச்சுச் சொன்ன? இந்த ஒரு நாள வுட்டா நான் சாவறதுக்குள்ள என் செல்வி மூஞ்சியப் பாக்க மாட்டன்.

– அதுக்குத்தான வழி சொல்லிக்கினு இருக்கன். சொல்றதக் கேளு. அஞ்சு மணி வண்டியப் புடிச்சா பத்தர பதினொண்ணுக்குள்ள பாண்டில இருப்ப. பக்கத்து வூட்டுக் குஞ்சம்மா எங்க போறன்னு கேட்டா ஜிப்மருக்குப் போறன்னு சொல்லு. வயித்து வலின்னு சொல்லு.

– சொல்றன். அது ஒண்ணும் பொய்யில்ல. அஞ்சு வருஷமா வலிச்சுக்கினுதான் இருக்குது.

– பஸ்ஸாண்டுல ரிக்‌ஷாக்காரன்கிட்ட ஆயி மண்டபம் பார்க்குன்னு மட்டும் சொல்லு. கவர்னரு பங்களாகிட்ட எறக்கி வுடுவான். செவப்புத் தொப்பி போட்டுக்கினு போலீசு நிப்பான், பயந்துக்காத, அவன் ஒண்ணும் கேக்க மாட்டான். எதுத்தாப்ல இரும்பு கேட்டு. உள்ள போனன்னா நட்டநடுவுல வெள்ள வெளேர்னு கல்லு மண்டபம். நாலு பக்கமும் தொறந்து கெடக்கும். வெள்ளக்காரன் கட்டுனது.

– பெத்தவளப் பாக்க பார்க்குக்கு வரச் சொல்றா பாரு. வூடு வாசல் இல்லாதவங்க மாரி.

– அவ இருக்கறது மில்லு லைன்ல ஒத்த ரூமு. நம்ம பக்கத்து ஆளுங்க அந்த மில்லுல ஜாஸ்தி. ஒருத்தன் பாத்தான்னா நீ திரும்பி வர்றதுக்குள்ள சேதி ஊருக்கு வந்துடும். பார்க்குன்னா ஆயிரம் பேரு குந்தியிருப்பான், யாரு யாரப் பாக்கறது?

– மாப்ளயும் வருவாரா?

– மாப்ளயாம் மாப்ள. கரும்பு வெட்ட மலைலேந்து எறங்குனவன்.

– கரியாலூர்ல பொறந்தா மனுஷன் இல்லியா? அஞ்சு வருஷமா அந்தச் சடையன்தான் அவளுக்குச் சோறு போடறான். நீ இன்னா போட்ட? உசுரோட இருக்கற பொண்ணுக்கு ஊரக் கூட்டி மொட்ட போட்டுக்கினு கருமாதி பண்ண. அவ பாவாட தாவணியப் பெண்ணையாத்துல வுட்டுட்டு வந்த. என் கையாலயே வட சுட வெச்ச.

– பண்லன்னா கோயிலுக்கு நம்ம வரிய வாங்க மாட்டன்னாங்க. கழனிக்கு ஒரு ஆளு வராதுன்னாங்க. உன் தங்கச்சி பொண்ணுக்குப் பரிசம் போட்டது நின்னுருக்கும். எல்லாம் தெரிஞ்சுக்கினே கேக்கற.

– தெரியும். தெரிஞ்சுதான் வாய மூடிக்கினு இருந்தன்.

– அந்த மண்டபத்துக்கு ஒரு கத சொல்றாங்க. ஆயின்னு ஒரு தாசியாம். தன் வூட்ட இடிச்சிட்டு ஊரு ஜனங்க தண்ணி குடிக்கக் கொளம் வெட்டுனாளாம். அவ பேர்லதான் கட்டி வெச்சிக்கீறான்.

– நீயும்தான் ஊருக்காவ வூட்ட இடிச்ச. உன்னால எவன் தண்ணி குடிச்சான்?

– வுடு. வெயிலு ஏறுனா மண்டபத்துலயே குந்தாத, கல்லு சுடும். ஊஞ்சலுக்குப் பக்கத்துல தூங்குமூஞ்சி மரம் இருக்குது, அதுங்கீழ சிமிட்டி பெஞ்சு. தண்ணிக் கொழா அந்தப் பக்கம்தான். சாய்ங்காலம் மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சிடு, இல்லன்னா கடைசி வண்டியப் புடிக்க முடியாது.

– அவளுக்கு அரிசி அடை தட்டிக்கினு போறன். மொறமொறன்னு இருந்தாத்தான் துன்னுவா. கொழந்தைக்கு ரெண்டு படி முறுக்கு சுடட்டா?

– முறுக்கு வாணாம். துப்பிடும். பொரி உருண்ட எடுத்துக்கினு போ. அதுன்னா ஒக்காந்து ஒண்ணொண்ணாப் பிச்சுத் துன்னும்.

– எது?

– பாப்பா.

– உனக்கு எப்பிடித் தெரியும்?

– எல்லாக் கொழந்தைங்களுக்கும் பொரி உருண்ட புடிக்கும்.

– துப்பிடும்னு சொன்ன. ஒக்காந்து பிச்சுத் துன்னும்னு சொன்ன. மரம் எங்க, கொழா எங்கன்னு சொல்ற. த, என் மூஞ்சியப் பாரு மாமா. நீ போய்க்கினு இருக்கறியா?

– கண்ணுக்கு மருந்து வாங்கறதுக்குன்னு...

– ரெண்டு வருஷமா மாசாமாசம் போற. அது பார்க்குக்கா?

– மொதத் தடவ நெசமாவே கண்ணுக்குத்தான் போனன். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, நெழலா இருக்குதேன்னு பார்க்குல குந்தனன். செல்வி கொழந்தைய ஊஞ்சல்ல வெச்சு ஆட்டிக்கினு இருந்தா. அப்புறம் ஞாயித்துக்கெழமையாப் பாத்துப் போவன். தூர ஒரு பெஞ்சுல குந்திக்கினு பாத்துட்டு வந்துடுவன். அவ்ளோதான். பேசனது இல்ல.

– பாவி. நான் இங்க ராவும் பகலும் அழுதுக்கினு கெடந்தன். ஒரு வார்த்த சொன்னியா?

– சொன்னா நீ இட்டுக்கினு போவச் சொல்லுவ. ரெண்டு பேரும் போனா ஊருக்குத் தெரியும்.

– எப்பிடி இருக்கறா? எளச்சிட்டாளா?

– கொஞ்சம் எளச்சிட்டா. தலமுடி கொட்டிடுச்சு. ஆனா சிரிக்கறா. கொழந்தைகிட்டப் பேசிக்கினே இருப்பா, உன்ன மாரி.

– அதுக்குப் பேரு இன்னா?

– இலக்கியா. கூப்புடும்போது கேட்டன்.

– என் கண்ணு. அவ உன்னப் பாத்தாளா?

– பாத்துட்டா. எனக்குத் தெரியும். பேசத்தான் இல்ல. ஆனா எப்பப் போனாலும் அதே ஊஞ்சலுக்குத்தான் பாப்பாவ இட்டுக்கினு வருவா. என் பக்கமாத் திருப்பி வெச்சு ஆட்டுவா.

– அப்புறம் இன்னா மாமா உனக்கு? ஊருக்கு ஒளிஞ்சு இத்தினி தடவ போனவன், இந்தக் கடைசி ஒரு தடவ எங்கூட வந்தா கொறஞ்சா பூடுவ? கூட்டத்துல உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. கட்டுடா தண்டம்னா கட்டுவோம். ரெண்டு பேரும் போலாம், அந்தக் கொழந்தைய ஒரு தடவ மடில வெச்சுக்க.

– நான் வரக் கூடாது ராஜாம்பா.

– யாரு சொன்னது, அந்தத் தங்கதுரையா? சங்கத்துத் தலைவருன்னா உனக்குப் பொறந்ததுக்கும் அவன்தான் உத்தரவு போடுவானா?

– அவன் இல்ல. செல்விதான். கடுதாசில ரெண்டு வரிய நான் உனக்குப் படிக்கல.

– இன்னா எழுதிக்கீறா?

– வாணாம்.

– படி மாமா. எனக்குத்தான கடுதாசி வந்துச்சு?

– "அம்மா, நீ மட்டும் வா. அந்த ஆளு வர வாணாம். தூரமா குந்திக்கினு பாக்கறதும் வாணாம். என் கண்ணுல பட்டா பாப்பாவத் தூக்கிக்கினு போய்டுவன்."

– அந்த ஆளுன்னா எழுதிக்கீறா?

– அப்பிடித்தான் எழுதிக்கீறா.

– அவ அப்பிடிப்பட்டவ இல்ல. கருமாதி பண்ணவனுக்கே ரெண்டு வருஷமா ஊஞ்சலத் திருப்பி வெச்சு ஆட்டிக் காமிச்சிருக்கறா. இப்ப வரக் கூடாதுன்றான்னா நீ என்னமோ பண்ணிட்ட. இன்னா பண்ண? சொல்லு.

– போன மாசம் கொடிக்குத் துணி எடுக்கணும்னு தங்கதுரை என்ன பாண்டிக்கு இட்டுக்கினு போனான். அன்னிக்கு ஞாயித்துக்கெழம. துணி எடுத்துட்டு வந்து அவன்தான் பார்க்குல குந்தலாம்னான். நான் வாணாம் வாணாம்னு சொல்லிப் பாத்தன். நான் எப்பவும் தனியாத்தான் வருவன், பக்கத்துல குந்தனவன் எங்கூட வந்தவன்னு அவளுக்கு இன்னா தெரியும்? கடைசியாப் பேசிடுவோம்னு நெனச்சாளோ என்னமோ. பாப்பாவ எங்கிட்ட அனுப்பிச்சா.

– என் சாமி.

– நேரா ஓடியாந்து என் முட்டியப் புடிச்சுக்கிச்சு. "நீங்கதான் எங்க தாத்தாவாம், அம்மா சொன்னாங்க"ன்னுச்சு. அவ நாலு அடி பின்னால நின்னுக்கினு இருந்தா. தங்கதுரை அவளப் பாத்தான், என்னப் பாத்தான். "இன்னா ராமசாமி, யாரு வூட்டுக் கொழந்த இது?"ன்னு வேணும்னே கேட்டான்.

– நீ இன்னா சொன்ன?

– அவனுக்குப் பதில் சொல்லல ராஜாம்பா. கொழந்த கையப் பிச்சு எடுத்துட்டு, எனக்குப் பொண்ணே பொறக்கல பாப்பா, போய் வெளாடுன்னு சொன்னன்.