எல்லோருக்கும் திறந்த ஆல்பம்

அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தான் இருந்தது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போன மறுநாளே அம்மா அந்த இடத்தில் ஊறுகாய் பாட்டில்களை அடுக்கிவிட்டாள். செம்பூரில் எங்கள் வீட்டு அளவு அப்படி சார். ஒரு சாண் காலியானாலும் ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. முன்பு வந்த அதிகாரியிடம் இந்தியில் சொல்லிப் பார்த்தேன். கன்டெய்னர், ப்ராக்ஸி என்று ஆரம்பித்ததுமே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அது புரியாமல் மற்றது புரியாது.

என் பெயர் மாரீஸ்வரன். குர்லாவில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அப்பா சுயம்பு, தாராவியில் சிப்ஸ், முறுக்கு போடுகிற பட்டறை வைத்திருக்கிறார். அம்மா ஆறுமுகத்தாய். எனக்கு ஒரு தங்கை, கலைச்செல்வி. மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள்.

என் போனும் கலையின் போனும் படங்களால் நிரம்பி வழியும். குடும்பப் படங்களை ஏதோ ஒரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. லேமிங்டன் ரோட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினேன். அதற்குள் கன்டெய்னர்களைப் போட்டேன். துறைமுகத்தில் பார்க்கிற பெட்டிகள் மாதிரிதான். ஒரு பெட்டி படங்களை வாங்கிச் சேர்க்கும். இன்னொன்று, படம் எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது என்று குறித்துக்கொள்ளும். வேறொன்று முகங்களை அடையாளம் காணும். பாவாடை சட்டையில் நிற்கும் கலையும், லேப் கோட்டு போட்ட கலையும் ஒரே ஆள் என்று அதுவே கண்டுபிடித்துவிட்டது. அன்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணே, இதுக்கு என்னைய அம்மாவ விட நல்லாத் தெரியுது” என்றாள்.

எல்லாம் எங்கள் வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான். வெளியாள் ஒருவர் கண்ணிலும் படாது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

போன வருடம் கலை ஒருநாள் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏசி மெக்கானிக் சாஜனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாக அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினாள். சாஜன் தாராவிப் பையன், அவனும் நம் திருநெல்வேலிப் பக்கம்தான். ஆனால் வேதக்காரன், கிறிஸ்தவன்; வேறு ஜாதி. அப்பா பட்டறையைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் ஊரிலிருந்து போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். நல்ல மனிதர்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கலை என்னிடம் மட்டும் பேசினாள். புது நம்பரிலிருந்து கூப்பிட்டு, “அண்ணே, அம்மா சாப்பிடுதாளா?” என்பாள். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. “நம்ம ஆப் ஒன் போன்ல இருக்கட்டும். வெளிய இருந்தாலும் எங்கிட்ட வந்து சேர ரகசியமா ஒரு வழி போட்டுத் தாரேன். நீ எடுக்கிற படத்த அம்மாவுக்கு மட்டும் காட்டுதேன்” என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

அதன் பிறகு அம்மா அடுப்படியில் நின்றபடி என் போனில் அவளைப் பார்ப்பாள். பால்கனியில் டீ கிளாஸுடன் கலை, துணி காயப்போடும் கலை. பொங்கலன்று அவள் வாசலில் கோலம் போட்டுப் படம் எடுத்திருந்தாள். “எளச்சிட்டாளே” என்பாள் அம்மா, அப்பாவுக்குக் கேட்காத குரலில்.

பிறகு ஊரிலிருந்து பெரியப்பா மகன் கணேசபாண்டியன் அண்ணன் வந்தார். ஹாலில் பாய் விரித்துத் தங்கிவிட்டார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அம்மாவைப் பெற்ற தாயைப் போல மரியாதையாக நடத்தினார், சாப்பிட்ட தட்டைக்கூட அவரே கழுவினார். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏல மாரி, ஒனக்குத் தெரியாம இருக்காது. நான் ஒண்ணும் பண்ணிர மாட்டேன். நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை பேசணும், அவ்வளவுதான்” என்றார். சொல்லும்போது என் கழுத்தில் கையைப் போட்டிருந்தார். அழுத்தவில்லை. கை சும்மா இருந்தது.

நான் பயந்துபோனேன் என்பதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். குளிக்கப் போனாலும் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளே எடுத்துப்போவேன். அவருக்குச் சோறு போடும்போது அம்மாவின் கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் கேட்கும். அப்பா எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஊருக்குப் போயிருப்பார். அப்பா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடத்தைச் சொன்னால் நான் தங்கையைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் அந்தக் கை என் கழுத்திலேயே இருக்கும். எங்கள் தொழிலில் இப்படி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால் நடுவில் ஒரு ஆளை வைப்போம். அவன் பெயர்தான் ப்ராக்ஸி.

உங்கள் குடியிருப்பு சொசைட்டி வாசலில் வாட்ச்மேன் இருப்பானே, அதுபோல. வெளியிலிருந்து வருகிறவர் அவனிடம்தான் வருவார். உள்ளே எந்தப் பெட்டிக்குப் போக வேண்டுமோ அங்கே அவன் அனுப்புவான். உள்ளே இருப்பவர் யாரும் நேராக வெளியே பேச வேண்டியதில்லை.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. சொந்தக்காரர்கள் பழைய படங்கள் கேட்டார்கள். நான் ஒரு இணைய முகவரி வாங்கி, ப்ராக்ஸியை வைத்து, குடும்ப ஆல்பத்தை வெளியே திறந்தேன். பெரியவர்களுக்கு மறந்துவிடும் என்று பாஸ்வேர்டு போடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டேன். எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள்.

எங்கள் குடும்பத்து முகம் எந்தப் புதுப் படத்தில் வந்தாலும் அது தானாக அந்த ஆல்பத்தில் சேரும்படி அமைத்திருந்தேன். கலையின் முகமும் எங்கள் குடும்பத்து முகம்தான். அதை மட்டும் நீக்க எனக்கு மனம் வரவில்லை. கூடப்பிறந்த அண்ணனுக்கு எப்படி மனம் வரும்?

படம் எடுத்த இடத்தையும் காட்டலாமா என்று அதில் ஒரு கட்டம் கேட்கும். அது முதலிலிருந்தே ஆனில்தான் இருந்தது என்று முன்பு வந்த அதிகாரியிடம் சொன்னேன். அது தவறு. முதலில் அணைத்துத்தான் இருந்தது. நான்தான் அதை ஆன் செய்தேன். ஆனால் யாரையும் போய்ப் பார் என்று சொல்லவில்லை.

யார் வந்தார், எந்தப் படத்தைக் கேட்டார் என்று ப்ராக்ஸி எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். ஆபீஸிலிருந்தே நான் அதைப் பார்ப்பேன். முதலில் ஊர்ப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். பழைய கல்யாணப் படங்கள், கோயில் கொடைப் படங்கள். ஒரு மத்தியானம் யாரோ ஒருவர் கலையின் பால்கனிப் படத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். அதன் பிறகு கோலப் படம். கோலத்துக்கு மேலே அவள் வீட்டுக் கதவும், கதவில் எண்ணும் தெரியும். எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று தேடினேன். எங்கள் வீட்டு வைஃபையிலிருந்துதான். வீட்டில் அப்போது அப்பா, அம்மா, கணேசபாண்டியன் அண்ணன் மூன்று பேரும் இருந்தார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மாவிடம் பட்டன் போன்தான்.

ஒரு வரி தட்டினால் ப்ராக்ஸி நின்றுவிடும், ஆல்பம் மூடிவிடும். அந்த வரியைத் தட்டியும் வைத்தேன். எண்டர் பட்டனை அழுத்தவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார், எழுந்து போனேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அண்ணன் என் கழுத்தில் கை போடவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் கழித்து அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சில நாளில் கலை கூப்பிட்டாள். “அண்ணே, கீழ டீக்கடையில ஒரு ஆளு நேத்தும் நின்னான், இன்னைக்கும் நிக்கான். ஊர்க்காரன் மாதிரி இருக்கு. யாருக்கும் தெரியாதே, எப்படி அண்ணே?”

“பாம்பேல எவன்தான் டீக்கடையில நிக்க மாட்டான்? சும்மா பயப்படாத” என்றேன்.

சாஜன் போனை வாங்கினான். நல்ல பையன் சார், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். “மச்சான், பூனாவுல ஃப்ரெண்ட் ரூம் காலி இருக்கு. நாளைக்கே கிளம்பிரவா? இவ இந்த நெலமையில ரொம்ப டென்ஷன் ஆகுதா.”

எந்த நிலைமை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரமே அவள் போனிலிருந்து ஒரு ஸ்கேன் படம் வந்து சேர்ந்திருந்தது. கறுப்பு வெள்ளையில், அவரை விதை அளவில் ஒன்று. அதில் முகம் இல்லாததால் கம்ப்யூட்டருக்கு அது யாரென்று தெரியவில்லை. அதனால் ஆல்பத்தில் தானாகச் சேரவில்லை. நான்தான் கையால் சேர்த்தேன்.

சாஜனிடம், “வேண்டாம் மச்சான். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டுன்னு அலைஞ்சாத்தான் கண்ணுல படுவீங்க. அங்கயே இருங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அவன் தேங்க்ஸ் சொன்னான்.

ஸ்கேன் படத்தைச் சேர்த்தது முதல் குடும்ப குரூப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. காலை வணக்கம்கூட நின்றுவிட்டது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று ப்ராக்ஸியில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டு, இதை மூடுடா என்று சொல்லவில்லை. இதில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நாள் காலையில் கணேசபாண்டியன் அண்ணன் குளித்து, திருநீறு பூசி, அம்மாவிடம் இட்லி வாங்கிச் சாப்பிட்டார். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, “அவ கதவு தொறப்பாளால?” என்று மட்டும் கேட்டார். நான் என் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள், கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தால் கரண்டி விழுந்திருக்கும்.

நான் வேலைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கலை கூப்பிட்டாள். மெதுவாகப் பேசினாள், மூச்சு வாங்கியது. சாஜன் வேலைக்குப் போயிருந்தான்.

“அண்ணே, யாரோ பெல் அடிக்கான். கூரியர்ங்கான். நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணலியே.”

“கதவு ஓட்டை வழியா பாரு.”

“ஹெல்மெட் போட்டிருக்கான். மூஞ்சி தெரியல. அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. போன வச்சிராத. லைன்லயே இரு.”

“இருக்கேன்” என்றேன்.

“போலீசுக்கு அடிக்கவா? இல்ல, பக்கத்து வீட்டு ஃபர்ஸானா அக்காவக் கூப்பிடவா?”

இந்த இடத்தைத்தான் முன்பு வந்த அதிகாரியிடம் நான் சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும்தான் கேட்டார். நான் அந்த நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பெண் வீட்டார் மறுபடி போன் செய்வதும், அப்பா பட்டறையைத் திறப்பதும், ஹாலில் பாய் இல்லாமல் இருப்பதும் வரிசையாகத் தெரிந்தன. ரொம்ப நாள் கழித்து வீடு மறுபடி வீடாக இருந்தது.

“யாரையும் கூப்பிடாத. அது நான் அனுப்புனதுதான். அம்மா உனக்குப் பொடியும் ஊறுகாயும் குடுத்துவிட்டிருக்கா” என்றேன்.

“நெசமாவா?” என்றாள். அவள் சிரித்தது கேட்டது. “அம்மாவாண்ணே குடுத்துவிட்டா? தொறக்கவா?”

“தொற” என்றேன்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்டதை நீங்கள் கணேசபாண்டியன் அண்ணனிடமே கேட்டுக்கொள்ளலாம், அவர் அங்கே இருந்தவர். நான் குர்லாவில் என் சீட்டில்தான் இருந்தேன். ஒன்று மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் சார். அவள் கேட்டபடி, கடைசி வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.