போல்ட்டுல இருந்த நம்பர்

டீ நல்லாத்தான் சார் இருக்கு, சக்கரதான் கொஞ்சம் ஜாஸ்தி. குடிச்சிட்டே சொல்றேன். நீங்க எழுதிக்கினு வாங்க, அவசரமில்ல.

அது எங்கப்பா துப்பாக்கி. பட்டாளத்துல கழிச்சுப் போட்டத வாங்கி லைசென்ஸ் எடுத்தாரு, அவர் போனப்புறம் அது என் பேருக்கு வந்துச்சு. சங்கராபுரம் பக்கம் மக்காச்சோளம் போட்டவங்களக் கேட்டுப் பாருங்க, பன்னி ஒரு தடவ பூந்துச்சுன்னா பாதி கொல்லை காலி. துப்பாக்கி உடம்புல ஒரு கிரீடம், அதுக்குக் கீழ 1942, பக்கத்துல 4172. அதே 4172 போல்ட்டுலயும் குத்தியிருக்கும். போல்ட்டுன்னா, தோட்டாவ உள்ள தள்ளி மூடுற இரும்பு. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் அது ஒரே துப்பாக்கின்னு அப்பா சொல்வாரு.

என் தம்பி செழியன் எண்ணு படிச்சதே அதுலதான். அவனுக்கு மூணு வயசுல அம்மா போயிட்டாங்க, எனக்கு அப்ப பதினேழு. மடியில உக்கார வச்சு, அவன் வெரலப் புடிச்சு அந்தக் குழிமேல வச்சு, நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டுன்னு சொல்லித் தருவேன். பெரியவனானப்புறம் செல்போன் நம்பரக்கூட அதுல முடியிற மாதிரி தேடி வாங்கனான். நான் அவன்மேல உசுரையே வச்சிருந்தேன் சார். அத மொதல்ல எழுதிக்குங்க.

போன தையில பாகம் கேட்டான். கேக்கலாம், தப்பில்ல. ஆனா கிணறு இருக்கிற பாதியக் கேட்டான், மனை போடறவங்களுக்கு விக்கறதுக்கு. கிணறு போனா மீதிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ரெண்டு தடவ எடுத்துச் சொன்னேன். "நீயும் வித்துட்டு கள்ளக்குறிச்சிக்கே வந்துடுண்ணா, என் வூடு இருக்கில்ல"ன்னு சிரிச்சான். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். கோவத்துல இல்ல. நெலத்த யாராவது ஒருத்தர் காப்பாத்தணுமில்ல.

அப்ப எலெக்‌ஷன் வந்துச்சு. வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், ஓட்டு எண்ணி முடிச்சப்புறந்தான் திருப்பித் தருவாங்க. நானும் ஒப்படைச்சேன். ரசீதுல உடம்பு நம்பரத்தான் எழுதுவாங்க. போல்ட்ட யாரும் உருவிப் பாக்கறதில்ல.

அதுக்கு முன்னாடியே கல்வராயன் மலையில ஒருத்தர்கிட்ட அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வச்சிருந்தேன். அவர் இப்ப உசுரோட இல்ல, வுட்டுடுங்க. நம்பரெல்லாம் அரத்தால ராவி எடுத்தது. ஆனா அதோட போல்ட்டு துருப்புடிச்சு சிக்கும். சிக்குனா செழியன் கஷ்டப்படுவான். அதனால அந்தப் போல்ட்ட அப்பா துப்பாக்கியில மாட்டி ஸ்டேஷன்ல குடுத்துட்டு, அப்பா போல்ட்ட இதுல போட்டேன். எண்ணெய் போட்டு வச்சா வழுக்கிக்கினு போவும். வேலை முடிஞ்சதும் உருவிக்கலாம்னு இருந்தேன். அந்த 4172-ஐ ராவியிருக்கலாம். அரத்தக்கூட கையில எடுத்தேன். அவன் வெரல் வச்ச எடம் சார், மனசு வரல.

கிணத்துப் பக்கம் அளந்துடலாம் வாடான்னு காலையில வரச் சொன்னேன். சந்தோஷமா வந்தான், எனக்கு பிளாஸ்க்குல டீ எடுத்துக்கினு. அளக்கற கயித்தப் புடிச்சிக்கினு சோளத்துக்குள்ள எறங்கனான். சுட்டேன்.

சத்தம் கேட்டு மரவள்ளிக் கொல்லையிலேந்து ஆளுங்க ஓடியாந்தாங்க. போல்ட்ட உருவ நேரமில்ல, அப்படியே கிணத்துல போட்டுட்டேன். பன்னி வேட்டைக்கு வந்த எவனோ சுட்டுட்டான்னு தலையில அடிச்சிக்கினு அழுதேன். அந்த அழுகை பொய் இல்ல சார். அவன் பொண்டாட்டி தேவிப்ரியா என் கால்ல வுழுந்து, "மாமா, இனிமே எங்களுக்கு நீங்கதான்"னா. இன்னிக்கு வரைக்கும் அந்த வூட்டுக்கு அரிசி பருப்பு நான்தான் கொண்டுபோய்ப் போடறேன். என் துப்பாக்கி ஸ்டேஷன்ல இருந்ததால என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கல.

அப்புறம் நீங்க மோட்டார் வச்சு கிணத்த எறைச்சீங்க. எடுத்த துப்பாக்கியில நம்பரே இல்ல, போல்ட்டுல மட்டும் 4172. ஸ்டேஷன்ல இருந்த என் துப்பாக்கியோட போல்ட்ட அன்னிக்குத்தான் உருவிப் பாத்தீங்க. நான் ஓடல, வூட்லதான் உக்காந்திருந்தேன்.

ஒரு தோட்டாவா ரெண்டான்னு கேட்டீங்க. ரெண்டு. மொதல்ல தொடையிலதான் பட்டுச்சு. கீழ வுழுந்து, "ண்ணா, பன்னி இல்லண்ணா, நான்... நான்தாண்ணா"ன்னு கத்தனான். தெரியாம சுட்டுட்டேன்னு நெனச்சிட்டான் பாவம். போல்ட்ட இழுத்தேன். சிக்கவேயில்ல.

அதுல எனக்கு ஒரு ஆறுதல் இருக்கு சார். அண்ணன் வேணும்னே பண்ணான்னு தெரியாமலேயே போயிட்டான். ரெண்டாவது தடவ சுடும்போது என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தான்.