தூங்குமூஞ்சி எடுத்த வேலை

அக்கா: ரெண்டுடா. ஒரே பொண்ணு, ஒரே மாப்பிள்ளை, ஒரே கல்யாணம். ஆல்பம் மட்டும் ரெண்டு அச்சாகி வந்திருக்கு.

தம்பி: இங்க கொடுக்கா, பாக்கறேன்...

அக்கா: பாரு, நல்லா பாரு. கடைக் கம்ப்யூட்டர்ல ஆல்பம் வேலைக்கெல்லாம் ஏதோ வரிசை கட்டித் தரேன்னு சொன்னியே, அது பண்ணின வேலைதான்.

மாமா: விடும்மா. ஒண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு, ஒண்ணு பொண்ணு வீட்டுக்கு. சண்டை இல்லாம போகும்.

அக்கா: பைண்டிங் மிஷினை அப்படியே விட்டுட்டு நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?

மாமா: உன் சத்தத்துல மிஷின் ஓடுதா நின்னுடுச்சான்னே தெரியல. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.

தம்பி: மாமா, காலைல எந்தெந்த கம்ப்யூட்டர் ஆன்ல இருந்துச்சு?

மாமா: மூணும்தான். தூங்குமூஞ்சி, வாயாடி, கடைக்குட்டி.

அக்கா: பேர் வைக்கிறதுல மட்டும் குறைச்சல் இல்ல.

மாமா: வாயாடிக்கு யாரை நெனச்சுப் பேர் வச்சேன்னு நான் சொல்லவே இல்லையே.

அக்கா: நீங்க சொல்ல வேற வேணுமா...

தம்பி: தெரிஞ்சுடுச்சு. இந்த ஆல்பத்தை முதல்ல எடுத்தது தூங்குமூஞ்சி. அப்புறம் வாயாடியும் எடுத்திருக்கு.

அக்கா: ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் ஏன் எடுக்கணும்? மூணு பேரும் பங்கு போட்டு வேலை பாக்கணும்னுதானே இத்தனை கூத்தும்?

தம்பி: இருக்கா, சொல்றேன். முன்னாடி எப்படி இருந்துச்சு? ஜனங்க படத்தை அனுப்பிட்டு, ஸ்கிரீன்ல சுத்துற வட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

அக்கா: அப்புறம் எனக்குப் போன் போட்டுத் திட்டுவாங்க.

தம்பி: இப்ப 'படம் வந்து சேந்துடுச்சு, நீங்க போகலாம்'னு உடனே சொல்லிடறோம். வேலை உள்ள போய் வரிசைல நிக்குது. மூணுல எது சும்மா இருக்கோ அது வந்து ஒண்ண எடுத்துட்டுப் போகும். படத்தைச் சரி பண்ணும், பக்கம் அமைக்கும், பிரிண்டருக்கு அனுப்பும். முடிச்சதும் திரும்பி வந்து 'முடிச்சேன்'னு சொல்லணும். அதைக் கேட்டாத்தான் வரிசை அந்த வேலையைப் பட்டியல்லேருந்து அடிச்சுப் போடும்.

அக்கா: சொல்லலன்னா?

தம்பி: கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கும். அப்பவும் சத்தமே இல்லன்னா, எடுத்தவன் போய்ச் சேந்துட்டான் போலன்னு அதே வேலையை அடுத்தவன்கிட்ட கொடுத்துடும்.

மாமா: ஓகோ... தூங்குமூஞ்சி சாகல. தூங்கிடுச்சு.

தம்பி: தூங்கவும் இல்ல மாமா, பாவம். பழைய மிஷின், படம் வேற நிறைய. மூச்சு வாங்கிக்கிட்டு வேலைதான் பாத்துட்டிருந்துச்சு. அதுக்குள்ள வரிசை அவசரப்பட்டுடுச்சு. ரெண்டும் முடிச்சு, ரெண்டும் பிரிண்டருக்கு அனுப்பிடுச்சு.

அக்கா: அவ்வளவு நேரம் ஆகும்னா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? 'இருக்கேன், பாத்துட்டிருக்கேன்'னு?

தம்பி: அதைத்தான் இப்ப எழுதறேன். வேலை பாக்கும்போதே அப்பப்ப ஒரு குரல் கொடுக்கும். குரல் வந்துக்கிட்டிருக்கற வரைக்கும் வரிசை யார்கிட்டயும் மாத்திக் கொடுக்காது.

அக்கா: அப்படியே மாத்திக் கொடுத்தாலும், அச்சுக்குப் போகும்போது 'இது ஏற்கெனவே ஆயிடுச்சா'ன்னு ஒரு தடவை கேட்டுட்டா?

தம்பி: அ... ஆமா. அதையும் எழுதணும்.

மாமா: அடேயப்பா! என் பொண்டாட்டி இன்ஜினியர் ஆயிட்டா. மச்சான், இனிமே உனக்கு இங்க வேலை இல்ல.

அக்கா: வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?

மாமா: நான் என்ன சொல்லிட்டேன்? தமாஷுக்கு...

அக்கா: சரி, இதெல்லாம் எழுத எவ்வளவு நேரமாகும்?

தம்பி: மத்தியானத்துக்குள்ள ஆயிடும்.

அக்கா: அப்புறம்?

தம்பி: அப்புறம்... நாலாவதா ஒரு கம்ப்யூட்டர் சேத்துடலாம்னு பாக்கறேன்.

அக்கா: இருக்கற மூணுல ரெண்டு ஈ ஓட்டிக்கிட்டிருக்கு.

தம்பி: கல்யாண சீசன் வந்தா தாங்காதுக்கா.

அக்கா: போன வாரமும் இதையேதான் சொன்ன. அதுக்கு முன்னாடி, எந்தக் கம்ப்யூட்டர் ஓடுதுன்னு காட்ட சிவப்பு, பச்சைன்னு விளக்கு எரியற மாதிரி ஸ்கிரீன்ல ஒரு பக்கம் பண்ணிக் கொடுத்த. அப்புறம் ஒரு வாரம் அந்த விளக்குக்குக் கலர் மாத்தின.

தம்பி: கலர் கண்ணை உறுத்துதுன்னு நீதானே சொன்ன?

அக்கா: சொன்னேன். அதுக்கு ஒரு வாரமா?

மாமா: சரி சரி, வயிறு கத்துது. மச்சான், உன் பை எங்க? உன் பொண்டாட்டி என்ன கட்டிக் கொடுத்திருக்கான்னு பாப்போம்.

தம்பி: மாமா, இருங்க, நானே எடுக்கறேன்...

மாமா: எடுத்துட்டேன்டா. என்ன இது, காத்தாட்டம் இருக்கு! லேப்டாப் இருக்கற பைன்னு நெனச்சேன்.

தம்பி: அது... ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டேன்.

மாமா: ஆபீஸ்ல வீட்லேருந்து வேலை பாக்கறேன்னு சொல்லிட்டு இங்க வரேன்னு சொன்ன. லேப்டாப் ஆபீஸ்ல இருந்தா எதுல வேலை பாப்ப?

அக்கா: ஏங்க, டப்பாவை இங்க கொடுங்க. காரம் இல்லாதது எனக்கு.

தம்பி: எனக்குன்னு ரெண்டு ஸ்பூன்கூட வைக்க வேண்டாம், முழுசா நீயே எடுத்துக்க. எனக்கு அது தொண்டைல இறங்காது. கல்யாணம் ஆன நாள்லேருந்து காரம் இல்லாம நான் சாப்பிட்டதே இல்ல. இப்பக் கொஞ்ச நாளா தினமும் ஒரு டப்பா இப்படி வைக்கிறா.

அக்கா: கேக்கறதுதானே, ஏன்னு?

தம்பி: கேட்டேன். 'உடம்பைப் பாத்துக்கங்க'ங்கறா.

அக்கா: நல்லதாப் போச்சு. இந்த வயித்துப் புண்ணை வச்சுக்கிட்டு உங்க மாமா சமையலைச் சாப்பிட்டா நான் இன்னேரம் ஆஸ்பத்திரில இருப்பேன்.

மாமா: ஆமாமா, என் சமையல்லதான் புண்ணு வந்துச்சு. உன் கோபத்துல வரல.

அக்கா: டேய்... திங்கக்கிழமை வருவியா?

தம்பி: வருவேனே.

அக்கா: மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்னியே.

தம்பி: முடிஞ்சுடும். இருந்தாலும்... பக்கத்துல இருந்து பாக்கணும் இல்ல.

மாமா: என்னமோ சத்தம் கேக்குது. மிஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு போல. நான் போய்ப் பாக்கறேன்.

அக்கா: ஒரு சத்தமும் கேக்கல.

மாமா: எனக்குக் கேக்குது. நீங்க பேசுங்க.

அக்கா: சாப்பிடுடா. பிசைஞ்சுக்கிட்டே இருக்க.

தம்பி: அக்கா.

அக்கா: ம்.

தம்பி: ஆபீஸ் இல்லக்கா.

அக்கா: இல்லன்னா?

தம்பி: எங்க பிரிவையே மூடிட்டாங்க. கூப்பிட்டாங்க, ரெண்டு வார்த்தை நல்லதா சொன்னாங்க, லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கிட்டாங்க. நீ போன் பண்ணினியே, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான்.

அக்கா: வீட்ல?

தம்பி: சொல்லல. அவ சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறா, நான் மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன். முதல்ல ரெண்டு நாள் பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். பார்க்ல உக்காந்தா வாக்கிங் வர்றவங்க முகத்தைப் பாக்கறாங்க. லைப்ரரிக்குப் போனா கண்ணு எழுத்துல நிக்கல. நாளைக்கு எங்க போறதுன்னு முழிச்சிட்டிருந்தேன்... அப்பத்தான் நீ போன் பண்ணின. 'கடைல வேலை குவியுது, ஏதாவது வழி பண்ணிக் கொடுடா'ன்னு. சாமியே போன் பண்ணின மாதிரி இருந்துச்சுக்கா.

அக்கா: சாமியா...

தம்பி: இன்னொண்ணும் சொல்லிடறேன். இங்க வேலை எப்பவோ முடிஞ்சுடுச்சு. இன்னைக்கு வந்த தப்பு நிஜம், ஆனா அதுவும் வரிசை பொறுத்துப் பாக்கற நேரத்தை நான் தேவையில்லாம குறைச்சு வச்சதாலதான் வந்துச்சு. ஏதாவது நோண்டிக்கிட்டே இருக்கணுமேன்னு... நோண்டினேன். முடிஞ்சுடுச்சுன்னு உன்கிட்ட சொல்லிட்டா அடுத்த நாள் காலைல எங்க போவேன், சொல்லு?

அக்கா: முடிஞ்சது எனக்குத் தெரியும்டா. கலர் மாத்தினப்பவே தெரியும்.

தம்பி: அப்ப ஏன் என்னைப் போன்னு சொல்லல?

அக்கா: நீ 'முடிச்சேன்'னு சொல்லலையே. சொன்னாத்தானே அடிச்சுப் போடணும்?

தம்பி: கிண்டல் பண்ணாதக்கா. எனக்கு அழுகை வருது.

அக்கா: அழு. இங்க யாரு இருக்கா? சாப்பாட்டுல மட்டும் விழாம பாத்துக்க.

தம்பி: வேற இடத்துல கேட்டிருக்கேன். ரெண்டு எடத்துல பேசிட்டாங்க, ஒருத்தரும் முடிவு சொல்லல. நல்ல சேதியோட சேத்துச் சொல்லிடலாம்னு பாத்தேன். அது தள்ளிக்கிட்டே போகுது.

அக்கா: நல்ல சேதி வரும்போது வரட்டும். நீ இன்னைக்கு வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லு.

தம்பி: எப்படிக்கா ஆரம்பிக்கறது?

அக்கா: தூங்குமூஞ்சிக்கு எழுதறியே, அது மாதிரிதான். 'இருக்கேன், பாத்துட்டிருக்கேன், கொஞ்சம் நேரமாகும்'னு. அவ்வளவுதானே அவளுக்கு வேணும்?

தம்பி: இத்தனை நாள் மறைச்சதுக்குத்தான் அவ உடைஞ்சு போயிடுவா. தினமும் வாசல்ல நின்னு கையாட்டறாக்கா. நம்பிக்கிட்டு நிக்கிறா. அந்த முகத்தைப் பாத்து நான் எப்படி...

அக்கா: கையைக் கழுவிட்டு வா. மீதி வேலையை முடிச்சுட்டுச் சீக்கிரம் கிளம்பு.

தம்பி: நீயும் கூட வாயேன்.

அக்கா: நான் எதுக்கு?

தம்பி: அவளுக்கு நீன்னா ஒரு மரியாதை. இல்லன்னா நீ முதல்ல போன்ல ஒரு வார்த்தை... வேண்டாம், வேண்டாம். நானே சொல்லிடறேன். அது வரைக்கும் நான் இங்க வர்றது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா: டேய், பைத்தியம்! நீ ஆபீஸ் போறேன்னு நம்பறவளா, இத்தனை நாளா எனக்குன்னு காரம் இல்லாம ஒரு டப்பா கட்டி அனுப்பறா?