பிந்துகிற டிவி

— பொத்தான அமுக்குனா திரையில எப்பத் தெரியும்? அத மட்டும் சொல்லுங்க தம்பி.

— பாருங்க, இடது பக்கம் இருக்கறது ஓஎல்இடி. அமுக்குன மறுகணமே தெரியும். கறுப்புன்னா மை மாதிரிக் கறுப்பு. வலது பக்கம் எல்இடி. வெளிச்சம் அதிகம், ஆனா வீடியோ விளையாட்டுல கொஞ்சம் பிந்தும்.

— அம்மா, நீ பாக்கறது செய்தியும் பனிச்சறுக்குப் போட்டியும். பொத்தான யாரு அமுக்கப்போறா?

— பாருங்க, வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம்?

— ஏரியப் பாத்து. ஜூன் மாசம் நாள் பூரா வெயில்.

— அப்ப எல்இடிதான் வசதி. செய்தியே ஓடிக்கிட்டிருந்தா, கீழ ஓடுற எழுத்துப் பட்டை நாளாவட்டத்துல ஓஎல்இடியில தழும்பாப் பதிஞ்சுரலாம்.

— கேட்டியாம்மா? எல்இடியே எடு.

— இருடி ஹென்னா. எவ்வளவு பிந்தும் தம்பி? அதுக்குள்ள ஆள் செத்துருவானா?

— யாரு?

— விளையாட்டுலதான்.

— பாருங்க, வேகமான ஆட்டம்னா... சாகலாம். நீங்க பேசி முடிவு பண்ணுங்க, நான் அங்க இருக்கேன்.

— அம்மா, என்ன விளையாட்டு, சொல்லு.

— திட்டாத. உன் தம்பி இலாரி இன்டர்நெட்டுல கூட்டாளிங்களோட ஆடறானே, அந்தத் துப்பாக்கி ஆட்டம். ஒரு வருஷமா அவன் அணியிலதான் இருக்கேன். முயல்னு பேரு வெச்சுக்கிட்டு.

— அவனுக்குத் தெரியாமயா?

— பின்ன? அப்பாவ அடக்கம் பண்ணின அன்னிக்கு "உன்னாலதான் அவர் போனார்"னேன். பெத்தவ சொல்ற சொல்லா அது? அப்புறம் அவன் என் போனே எடுக்கல.

— அங்க அவன்கிட்டப் பேசுவியா?

— வாயே தொறக்க மாட்டேன். குரல் காட்டிக் குடுத்துரும். அவன் பேசறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். கூட்டாளிங்களக் கிண்டல் பண்ணுவான், சிரிப்பான். மூணு நாளா இருமறான்டி. அங்க ஓலு ஊருல தனியாக் கெடக்கான், கறுப்புத் திராட்சைச் சாறு சுடவெச்சுக் குடிடான்னு சொல்லக்கூட வழியில்ல.

— அழாதம்மா, ஆளுங்க பாக்கறாங்க.

— அணியில ஒருத்தன், "இந்த முயல் எப்பவும் பிந்துது, கழட்டி விடு"ங்கறான். ஞாயித்துக்கிழம முடிவு பண்ணுவாங்களாம். என் கை பிந்தலடி, வீட்டு டிவிதான் பிந்துது. கழட்டி விட்டுட்டா அவன் குரல நான் எங்க போய்க் கேப்பேன்?

— அப்ப ஓஎல்இடியே எடு.

— தழும்பு விழுமே. வெயில் வேற.

— ஜன்னலுக்குத் துணி போடு. செய்திய ரேடியோவுல கேளு.

— ஓஎல்இடியிலயும் நான் பிந்தினா? அறுபத்திமூணு வயசு. அப்ப டிவி மேல பழி போட முடியாதே ஹென்னா.

— அம்மா, இங்க பாரு. நீயாச் சொல்லுவியான்னுதான் சும்மா இருந்தேன். காலையில இலாரி போன் பண்ணினான். "அம்மாவக் கடைக்குக் கூட்டிட்டுப் போ, வேகமான டிவியா வாங்கிக் குடு. மத்தவங்கல்லாம் எதிரியச் சுடறாங்க, இவ மட்டும் தெனமும் ஓடி வந்து எனக்குக் குறுக்க நின்னு சாகறா"ன்னான்.