உதவி எண்ணை எடுத்தவள்

எனக்குச் செடி வளர்க்க வராது. தொட்டிக் கற்றாழையைக்கூடத் தண்ணீர் ஊற்றியே கொன்றவள். அப்படிப்பட்டவளுக்கும் தோட்டம் போட்டுத் தரும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான், சார். சொல்கிறேன். சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் சுருக்கமாகப் பேசி எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கம்பெனி முதலாளியின் யார்டு. பெரிய ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் புல்தரை போடுகிறவர். பாய் மாதிரி சுருட்டிய புல், நடைபாதைக் கல், பின்னால் ஒரு தகர ஷெட், அதில் ஆட்கள். இருட்டியதும் ஷெட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு விழும். அவர்களுடைய பாஸ்போர்ட்டெல்லாம் அவர் பீரோவில். எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அந்த வீட்டுக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வருஷம் ஓட்டல்காரர்கள் அவருக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். அடிமை வேலை எங்கேயும் இருக்கக் கூடாது. அவரிடமும் கூடாது, அவருக்குப் புல்லும் கல்லும் தருகிறவர்களிடமும் கூடாது. ஆட்கள் பெயர் சொல்லாமல் குறை சொல்ல ஓர் உதவி எண் வேண்டும். போனை எடுப்பது கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆளாக இருக்க வேண்டும். மனிதர் புது போனோடு எங்கள் படியேறினார்.

"அண்ணி, இதுக்கு நீங்கதான் சரியான ஆளு."

"என் வாயைப் பத்தித் தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆள் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர்.

ஷெட்டில் ஒரு பழைய செல்போனை வைத்தார். அதிலிருந்து என் எண்ணுக்கு மட்டும்தான் போகும். மேலே ஒரு நோட்டீஸ்: 'உங்கள் ரகசியம் காக்கப்படும்.' என்னைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் அச்சில் வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

அழைப்புகள் வந்தன. முதுகுவலி, அழுகல் சோறு, ஊருக்கு விடமாட்டேன் என்கிறார். நான் உருகி உருகிக் கேட்பேன். சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக எல்லாம் வந்துவிடும். கொஞ்ச நாளில், பேசிய ஆள் கல் குவாரிக்கு மாற்றப்பட்டிருப்பார். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் விடை வரும்தான். எனக்குக் கூட்டல் பள்ளிக்கூடத்திலிருந்தே தகராறு.

அவர்களில் ஒருத்தியின் குரல் நூல் மாதிரி இருக்கும். பெயர் கேட்கக் கூடாது என்பது விதி. நானே மெல்லிசு என்று வைத்துக்கொண்டேன். வாய்க்கு வாய் என்னை அக்கா என்பாள். இந்தத் தெருவில் என்னை அக்கா என்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இவள் அப்படியில்லை.

"என் பொண்ணு இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும்க்கா. என் முகமே மறந்திருக்கும். நாளைக்குப் புல்லு வண்டி ஓட்டலுக்குப் போகுதுல்ல, சுருளுக்கு நடுவுல படுத்துக்கறேன். அங்க இறங்கி யார்கிட்டயாவது சொல்லிடுவேன். உள்ள சூடா இருக்காதுல்ல?"

"புல்லுதானே கண்ணு. சில்லுனு இருக்கும்."

சுருட்டி அடுக்கிய புல் சில்லென்று இருக்காது, சார். நடுவில் தானாகவே சூடேறும். வெட்டிய அன்றே விரிக்காவிட்டால் உள்சுருள் வெந்து மஞ்சளாகிவிடும். எங்கள் வாசலுக்கு மிஞ்சிய சுருளைத் தந்தபோது அவரே சொன்னார். கையை உள்ளே விட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தனை ஆசையாகக் கேட்கிறவளிடம் ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இளகிய மனசு.

அன்று சாயங்காலம் அவரிடமும் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவர் கோபப்படவே இல்லை. "படுக்கட்டும். தார்ப்பாயை இழுத்துக் கட்டி வண்டியை வெயில்ல நிறுத்திடறேன். தானா கூப்பாடு போடுவா. மத்தவங்களும் பாக்கட்டும்" என்றார்.

காலையிலேயே ஜன்னலோரம் நாற்காலி போட்டுவிட்டேன். இந்தத் தெருவில் ஒரு விஷயத்தை நான் இரண்டாவது ஆளாகத் தெரிந்துகொண்டது கிடையாது. சரக்கு ஏற்றும் சந்தடியில் அவள் உள்ளே நுழைந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். தார்ப்பாய் ஏறியது. வண்டி நின்றது. வெயில் ஏறியது. உதவி எண் அடித்தது. ஷெட் போனை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அக்கா, வண்டி கிளம்பலியே. உள்ள கொதிக்குது. கத்தட்டுமா?"

கத்து என்று சொல்லியிருக்கலாம். கத்தினால் தார்ப்பாயை அவிழ்ப்பார்கள். எதிரே அவர் நிற்பார். சொன்னது யார் என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிடும். அப்புறம் என்னை அக்கா என்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

"கொஞ்சம் பொறு கண்ணு. இப்பக் கிளம்பிடும். சத்தம் மட்டும் போடாதே."

நல்ல பெண், சொன்னபடி கேட்டாள். உச்சி வெயிலில் அவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தார். கூப்பாடே இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். என் ஜன்னலைப் பார்த்து, உள்ளேதான் இருக்கிறாளா என்று சைகை காட்டினார். நான் இரண்டு கையையும் விரித்தேன், தெரியாது என்று. அவர் சாப்பிடப் போய்விட்டார்.

தார்ப்பாயை எப்போது அவிழ்த்தார்கள், என்ன இருந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவரை மட்டும் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவர் கூப்பாட்டுக்காகக் காத்திருந்தார். அது வராமல் பார்த்துக்கொண்டவள் நான்.

கடைசி அழைப்பில் பேச்சு வரவில்லை. அக்கா என்ற சொல் மட்டும் வந்தது. என்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தைகூட நினைக்காமல்தான் அவள் போனாள், சார். அந்த நிம்மதியையாவது என்னால் அவளுக்குத் தர முடிந்தது.