நான் சொல்லாத சம்மதம்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவி தேவயானி அவர்களே! முதலில் வந்து, நிழல் உள்ள இடமாகப் பார்த்து அமர்ந்துவிட்ட பெரியவர்களே! சாமை புடைக்கிற வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தாய்மார்களே! காவலூர் நுகர்வோர் கூட்டத்தில் இந்த ஜெயம்மாளின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். காற்புள்ளி தவறினாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவள். கணவர் காலமான இந்தப் பதினோரு ஆண்டுகளில் யாரிடமும் ஒரு பழிச்சொல் கேட்காதவள். அப்படிப்பட்ட என் கைப்பேசி, மூன்று மாதமாக, என்னை அழைத்தவர் காதிலெல்லாம் என்ன பாடியது?

“கதவு திறந்திருக்கு, கண்ணாளா வந்துவிடு!”

சிரியுங்கள்! மூன்று மாதம் மறைந்து சிரித்தீர்கள். இன்று முகத்துக்கு நேரே சிரியுங்கள்! அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டு, கைப்பேசிக்கு உரியவருக்குக் கேட்பதில்லையே! இதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கும் புளி வியாபாரி சின்னக்குழந்தை, தினமும் என்னை அழைப்பார்; எடுத்தால் துண்டிப்பார். ஒருநாள் வழிமறித்தேன்.

“என்னய்யா, கூப்பிடறீங்க, பேச மாட்டேங்கறீங்க?”

“பாட்டு சூப்பரா கீதும்மா. நீங்க இன்னாத்துக்கு அவ்ளோ சீக்கிரம் எடுக்கறீங்க?”

வீட்டுக்கு விரைந்தேன். கட்டணச் சீட்டைப் பிரித்தேன். அரசாங்க வரி என்று எண்ணி நானே மூன்று முறை விட்டுவிட்ட இடத்தில், ‘அழைப்புப் பாடல், நாற்பத்தொன்பது ரூபாய்’! நிறுவனத்தை அழைத்தேன். ஒரு பெண் பேசினாள்.

“மேடம், ஜூலை பன்னண்டாம் தேதி காலைல நீங்கதான் ஒன்னு அமுத்தி ஒத்துக்கிட்டீங்க.”

நானா? கேட்டேனா? ஒப்பினேனா? ஜூலை பன்னிரண்டு! காற்றில் டவர் பழுதாகி, மூன்று நாள் இந்த மலையில் எந்தக் கைப்பேசியும் மூச்சு விடவில்லையே, அந்த மூன்று நாளில் ஒன்று அல்லவா அது! ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அவர்களே பிறகு அனுப்பிய செய்தி, தேதியோடு என்னிடம் இருந்தது.

“டவரே இல்லாத ஊர்ல நான் எதை அமுத்தினேன்மா? எழுதி அனுப்பறேன், எழுத்திலேயே பதில் சொல்லு” என்றேன்.

எட்டாம் நாள், நூற்று நாற்பத்தேழு ரூபாய் திரும்பி வந்தது, பாட்டு நின்றது.

என்ன அங்கே குரல்? “பணம் வந்துட்ச்சே, இன்னும் இன்னா?” என்கிறாரா ஒருவர்? அய்யா, பணத்துக்காகவா நான் முழங்குகிறேன்? நான் சொல்லாத சம்மதத்தை என் பெயரில் எழுதிக்கொண்டார்களே, அதற்காக முழங்குகிறேன்! கட்டணச் சேவை என்றால் நம் சம்மதத்தை இரண்டு முறை கேட்க வேண்டும் என்பது விதி. நம்மிடம் ஒரு முறையாவது கேட்டார்களா?

உங்கள் கைப்பேசி என்ன பாடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பக்கத்தில் இருப்பவரை இப்போதே அழைத்துப் பாருங்கள். நான் நம் தலைவியை அழைக்கிறேன். மைக்கின் அருகே பிடிக்கிறேன். கேளுங்கள்.

“கதவு திறந்திருக்கு, கண்ணாளா...”

தலைவி அவர்களே, எழுந்து போகாதீர்கள்! வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. ஊராட்சி அலுவலகக் கதவு உண்மையாகவே திறந்திருக்கிறது. உள்ளே மேசை இருக்கிறது, தாள் இருக்கிறது, பிழை திருத்த நான் இருக்கிறேன். வாருங்கள், முதல் புகார் தலைவியுடையது!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் சிரித்தவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.