இறக்கைக்குள் ஒரு ரப்பர் வளையம்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் வாகன பூஜைச் சீட்டு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள்.

“ஏங்க, ப்ளேனுக்கும் கார் பூஜைதானா?” என்றார் மனைவி.

“கராஜ்ல நாமளே கட்டினது. அதுவும் வண்டிதானே.”

“றெக்கைக்குள்ள வயர் போற கடைசி ஓட்டையில ரப்பர் வளையம் மாட்டினீங்களா? நான்தான் டார்ச் பிடிச்சேன். பார்த்த ஞாபகமே இல்ல.”

“மாட்டியிருப்பேன்.”

“மாட்டலன்னா?”

“தகடு வயரை அறுக்கும். ஷார்ட் ஆகும்.”

“மேல போனப்புறமா?”

அவர் பர்ஸை எடுத்துப் பணத்தை எண்ணினார்.

“பிரிச்சுப் பாருங்க.”

“ரிவெட் ஆணி அடிச்சு மூடியாச்சும்மா. சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஃப்ளைட் வேற. பூஜை போட்டா ஒண்ணும் ஆகாது.”

“பெருமாள் உள்ள போய் வளையம் மாட்டுவாரா?”

கவுன்டரில் இருந்தவர், “என்ன வண்டி?” என்று கேட்டார்.

கணவர் பர்ஸைப் பைக்குள் வைத்தார். “வண்டி இன்னும் ரெடியாகல சார்.”